இரவு எந்த நாளைச் சேர்ந்தது?

நம் இல்லங்களில் 'வெள்ளி இரவு' என்று சொன்னால், அது வியாழக்கிழமை மாலைக்குப் பின் வருகின்ற இரவையே குறிக்கும். மஃரிப் பாங்கு ஒலித்ததும் பழைய நாள் முடிந்து புதிய நாள் பிறந்துவிடுகிறது. அடுத்த வீட்டு இந்து அன்பரை 'வெள்ளிக்கிழமை இரவு வாருங்கள்' என்று விருந்துக்கு அழைத்தால், அவர் மறுநாள் இரவு வந்து கதவைத் தட்டுவார். பஞ்சாங்கத்தின் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. கடிகாரத்தின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது. ஒரே தெருவில் மூன்று கணக்குகள் நடமாடுகின்றன. விருந்தழைப்பில் இக்குழப்பம் நேர்ந்தால் சோறு ஆறிப்போகும், அவ்வளவே. சம்பளப் பட்டியலில் நேர்ந்தால் ஓர் ஏழையின் கூலி குறைந்துபோகும்.

விருத்தாசலத்தை அறிந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுப் பிரச்சினையாகத் தோன்றாது. முதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பழம் பெயர்கள் தாங்கி, மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த அவ்வூர், கோயிலால் பெற்ற புகழுக்கு அடுத்தபடியாக இரண்டு பொருள்களால் அறியப்படுகிறது. ஒன்று ரயில் சந்திப்பு, மற்றொன்று பீங்கான். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் குறுக்குப் பாதையும், கடலூரிலிருந்து சேலத்துக்குச் செல்லும் பாதையும் இங்கே சந்திக்கின்றன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்திருக்கும் வெண்களிமண் சில கல் தொலைவிலேயே கிடைப்பதால், பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கே எழுந்தன. அகல் விளக்கு, கொலுப் பொம்மை, மின்சார ஃப்யூஸ் கட்டை என இங்கிருந்து வெளியூர் செல்லும் பொருள்கள் பல. இந்த இரண்டு தொழில்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரண்டும் இரவில் உறங்குவதில்லை.

துணி நெய்யும் தறியை மாலையில் நிறுத்திக் காலையில் ஓட்டலாம். துணிக்கு ஒரு கேடும் இல்லை. சூளையை அப்படி நிறுத்த இயலாது. பச்சை மண்பாண்டத்தில் உள்ள ஈரம் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் ஆவி வெடித்துப் பாண்டம் சிதறும். வெப்பம் 573 டிகிரியைக் கடக்கும்போது மண்ணிலுள்ள படிகக்கல் திடீரெனப் பருமன் மாறுகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தக் கட்டத்தைப் பொறுமையாகக் கடக்கவேண்டும்; இன்றேல் விரிசல் விழும். உயர்வகைப் பீங்கானுக்கு 1200 டிகிரிக்கு மேலும் செல்லவேண்டியிருக்கிறது. ஹெர்மன் செகர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1886ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய சிறு மண்கூம்புகளைச் சூளைக்குள் நிறுத்தி, பார்வைத் துளை வழியே அவை எப்போது தலை சாய்கின்றன என்று கவனிப்பது நெடுநாளைய வழக்கம். கூம்பு சாய்வது பகலிலா இரவிலா என்பது சூளை வைத்தவரின் விருப்பத்தில் இல்லை. சுரங்கச் சூளை எனப்படும் நீண்ட சூளையிலோ வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருக்கும். அங்கே நெருப்பு மாதக்கணக்கில் அணைவதில்லை. எனவே இரவில் விழித்திருக்க ஓர் ஆள் வேண்டும். ஆள் வேண்டுமென்றால் அவருக்குரிய கூலியை எழுத ஓர் ஏடும், ஏட்டுக்கு ஒரு விதியும் வேண்டும்.

சம்பள ஏட்டின் வரலாறு நமக்கு அந்நியமானதன்று. கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில்தான் 'திவான்' என்ற பதிவேடு முதன்முதலாக நிறுவப்பட்டது. யாருக்கு எவ்வளவு, எந்த வரிசையில் என்று பெயர் பெயராக எழுதி வைத்த பட்டியல் அது. ஹிஜ்ரீ 20ஆம் ஆண்டு என்பர் சிலர். 15 என்போரும் உளர். பிற்காலத்தில் நம் நாட்டில் அமைச்சரையே குறிக்கும் அளவுக்கு அச்சொல் உயர்ந்துவிட்டது. பிறப்பில் அது கணக்கேடுதான். அதே கலீபாவின் காலத்தில் ஹிஜ்ரீ ஆண்டுமுறை வகுக்கப்பட்டதற்கும் ஒரு கணக்குச் சிக்கலையே வரலாற்றாசிரியர்கள் காரணமாகச் சொல்கின்றனர். ஷஃபான் மாதத்தில் தீர்க்கவேண்டியது என்று எழுதிய பத்திரமொன்று அவர் முன் வந்ததாம். எந்த ஷஃபான், நடப்பதா வருவதா என்று அவர் கேட்டாராம். பணம் கைமாறும் இடத்தில் காலத்தைத் துல்லியமாகக் குறிக்காவிட்டால் வழக்கு முளைக்கும் என்பதை அந்தப் பாலைவனத் தலைநகர் அன்றே கண்டுகொண்டது.

இந்தியத் தொழிற்சாலைகளின் வரலாற்றில் இரவு என்பது பின்னால் வந்து புகுந்த பொருள். 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் முதன்மையாகச் சிறுவர்களைப் பற்றியே கவலைப்பட்டது. 1891ஆம் ஆண்டின் சட்டம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 11 மணி என வரம்பு கட்டியது. வயதுவந்த ஆணுக்கு வரம்பே இல்லை. அன்று அதற்கு இயற்கையே ஒரு வரம்பாக இருந்தது. கதிரவன் மறைந்தால் ஆலை இருண்டது. 1905ஆம் ஆண்டளவில் பம்பாய் ஆலைகளில் மின்விளக்கு பரவியதும் அந்த வேலியும் வீழ்ந்தது. விளக்கு ஏற்றப்பட்டது, வேலை நேரம் நீண்டது, கூச்சல் எழுந்தது. 1906இல் ஃப்ரீர்-ஸ்மித் தலைமையில் ஒரு குழுவும், அதை அடுத்து ஒரு கமிஷனும் ஆராய்ந்தன. அதன் விளைவாக வந்த 1911ஆம் ஆண்டின் சட்டமே ஆடவருக்கும் நெசவாலைகளில் 12 மணி என்ற எல்லையை விதித்தது. மின்விளக்கை நாகரிகத்தின் அடையாளமாகப் போற்றும் நாம், ஒரு தலைமுறைத் தொழிலாளிக்கு அது உறக்கத்தைப் பறித்த கருவியாக வந்து சேர்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு உலகுக்கு வாரம் 48 மணி என்று வகுத்தபோது, இந்தியாவுக்கு 60 மணி என்று தனிவிலக்கு அளித்தது. 1922ஆம் ஆண்டின் சட்டம் அந்த 60ஐ ஏற்று, மிகைநேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி தரவேண்டும் என்றது. 1934இல் 54 மணியாயிற்று. 1946இல் 48 ஆயிற்று. 1949 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி என்ற கணக்கு நிலைபெற்றது.

இச்சட்டத்தில்தான் நம் தொடக்கக் கேள்விக்கு விடை இருக்கிறது. 'நாள்' என்பது நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்று சட்டம் முதலில் இலக்கணம் வகுக்கிறது. கடிகாரக் கணக்கைத் தழுவியது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, 57ஆம் பிரிவில் இரவு வேலைக்காரருக்காக அந்த இலக்கணத்தை வளைக்கிறது. நள்ளிரவைத் தாண்டி நீளும் ஷிப்டில் வேலை செய்பவருக்கு, நள்ளிரவுக்குப் பின் உழைத்த மணிகள் முந்திய நாளின் கணக்கிலேயே சேரும். அவருடைய அடுத்த நாள், அவர் ஷிப்ட் முடிந்து வெளியேறும் கணத்திலிருந்துதான் தொடங்கும். வார விடுமுறையும் அவ்வாறே, ஷிப்ட் முடிந்ததிலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம்.

இதனால் விளையும் வேறுபாடு சிறிதன்று. மாலை 6 மணிக்குச் சூளையடியில் நின்று காலை 6 மணிக்கு இறங்குகின்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று ஷிப்டுக்கு ஆள் வைக்க வசதியில்லாத இடங்களில் இத்தகைய 12 மணிக் காவல் புதியதன்று. எழுத்தர் நள்ளிரவில் கோடு கிழித்தால், முதல் நாள் 6 மணி, மறுநாள் 6 மணி. எந்த நாளிலும் 9 மணியைத் தாண்டவில்லை. எனவே மிகைநேரமே இல்லை! பன்னிரண்டு மணி நேரம் நெருப்பருகே நின்றவர் ஏட்டில் இரண்டு அரைநாள்காரராக மாறிவிடுகிறார். 57ஆம் பிரிவின்படி எழுதினாலோ ஒரே நாளில் 12 மணி. 3 மணிக்கு இரட்டைக் கூலி. வாரத்தில் ஆறு இரவு வந்தால் 48 மணி வரம்பாவது அவரைக் காப்பாற்றும். மூன்று இரவு மட்டும் வருபவருக்கு 36 மணிதான் ஆகும். வார வரம்பு உதவாது. கோடு கிழிக்கும் இடத்தைப் பொறுத்து, வாரத்துக்கு 9 மணி நேர இரட்டைக் கூலி உண்டு அல்லது இல்லை. பேனா பிடித்தவர் தீயவராக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. தேதி மாறியதும் அடுத்த கட்டத்தில் எழுதுகிறார். இன்று அந்தப் பேனாவின் இடத்தில் கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. அதற்கும் யாரேனும் இதைச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். சொல்லாவிட்டால் அதுவும் நள்ளிரவில்தான் கோடு கிழிக்கும்.

விடுமுறையிலும் இதே தந்திரம் நிகழலாம். சனி இரவு 10 மணிக்கு ஏறி ஞாயிறு காலை 6 மணிக்கு இறங்கியவரிடம் 'ஞாயிறு உமக்கு விடுமுறை. இரவு 10 மணிக்கு வந்துவிடும்' என்றால், அவர் பெற்றது 16 மணி நேரமே. அதிலும் பாதி உறக்கத்தில் கழியும். சட்டம் கேட்பது திங்கள் காலை 6 மணி வரையிலான முழு ஓய்வு.

இனி மற்றொரு கேள்வி. வேலை நேரம் மிகவில்லை. சரியாக எட்டு மணிதான். ஆனால் அது இரவு எட்டு மணி. அதற்குத் தனியாக ஏதேனும் உண்டா? இல்லை என்பதே சட்டத்தின் விடை. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு விதித்த சட்டம், இருட்டுக்கு ஒரு காசும் விதிக்கவில்லை. மணி எத்தனை என்று எண்ணியதே தவிர, எந்த மணி என்று கேட்கவில்லை. இரவுப்படி என்பது நம் நாட்டில் ஒப்பந்தத்தாலும் தீர்ப்பாயங்களின் முடிவாலும், அரசு ஊழியருக்கு அரசாணையாலும் வந்ததே. வலுவான சங்கம் இருந்த இடத்தில் படி கிடைத்தது. இல்லாத இடத்தில் இரவும் பகலும் ஒரே விலை.

இங்கே விருத்தாசலத்தின் மறுபாதியான ரயில் சந்திப்பைப் பார்க்கவேண்டும். ரயில்வேக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் வேலை நேரம் அப்படியே பொருந்தாது. 1930இல் ரயில்வேச் சட்டத்தைத் திருத்தி அதற்கெனத் தனி விதிகள் செய்தனர். 1947இல் நீதிபதி ராஜாத்யக்ஷா அளித்த தீர்ப்பு அவ்விதிகளை விரிவாக்கியது. பின்னர், குஜராத் உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற மியாபாய் அவர்களின் தலைமையில் 1969இல் ரயில்வேத் தொழிலாளர் தீர்ப்பாயம் அமைந்தது. அதன்முன் வைக்கப்பட்ட வழக்குகளில் வேலை நேரமும் இரவுப் பணிப்படியும் இடம்பெற்றன. நம் சமுதாயத்தின் நீதிமான்களைப் பற்றிப் பேசும்போது பெருவழக்குகளையே எடுத்துரைக்கிறோம். சமிக்ஞை விளக்கடியில் விழித்திருப்பவனின் மணிக்கணக்கை ஆராய்ந்த ஒருவரை மறந்துவிடுகிறோம்.

மத்திய அரசு ஊழியர்க்கும் ரயில்வே ஊழியர்க்கும் நிலைபெற்ற விதி இதுதான். இரவு 10 முதல் காலை 6 வரையிலான ஒவ்வொரு மணி நேரப் பணிக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடப்படும். எட்டு மணிக்கு 80 நிமிடம். ஒரு மணிக்குரிய தொகையை அடைய, அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200ஆல் வகுப்பர். இருபத்தைந்து நாள், நாளுக்கு எட்டு மணி என்று பெருக்கினால் வருவது இந்த 200. இரண்டும் சேர்ந்து 30,000 ரூபாய் பெறுபவருக்கு ஒரு மணி 150 ரூபாய். ஓர் இரவுக்கு 80 நிமிடப் பங்கு 200 ரூபாய். மாதத்தில் பத்து இரவு என்றால் 2,000. கணக்கு எளிது, நேர்மையானதும்கூட.

அந்த '10 முதல் 6' என்ற எல்லையைக் கண்டபோது எனக்குத் தமிழிலக்கணம் நினைவுக்கு வந்தது. நம் முன்னோர் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி. மாலைக்குப் பின் 10 மணி முதல் 2 மணி வரை யாமம். 2 முதல் 6 வரை வைகறை. டில்லியில் அமர்ந்து விதி வகுத்தவர்கள் தொல்காப்பியத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். எனினும் அவர்கள் படி அளித்தது துல்லியமாக யாமத்துக்கும் வைகறைக்கும்தான். மாலைப் பொழுது விழித்திருப்பது எவர்க்கும் இயல்பு. வைகறையில் விழித்திருப்பதே கொடுமை என்பதை உடல் அறியும். 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு இரவுப்பணி உடன்படிக்கையும், நள்ளிரவு முதல் காலை 5 மணி வரையிலான பொழுதை உள்ளடக்கிய ஏழு மணிக்குக் குறையாத காலத்தையே இரவு என்றது. இரவில் உழைப்பவர்க்கு நேரமாகவோ ஊதியமாகவோ வேறு வகையிலோ ஈடு தரவேண்டும் என்றது. இந்தியா அதை ஏற்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007இல், இரவு ஷிப்ட் வேலையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்து, 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது. மணிக்குப் பத்து நிமிடம் என்ற ஈடு இதற்குப் போதுமா என்று கேட்டால், போதாது என்றே சொல்வேன்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியுமுன், விருத்தாசலத்தைக் கடந்து தெற்கே சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அப்பால் மருதையாற்று வெள்ளத்தில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மழைக்கால வைகறையில் தண்டவாளத்தைப் பார்த்து நடக்கின்றவனின் கண்களை நம்பித்தான் ஊர் உறங்குகிறது. அந்தக் கண்களுக்கு அளிக்கும் படியைக் கருணைத் தொகையாக எண்ணுவது தவறு.

ஆனால் விதி எழுதுபவர்கள் எப்போதும் ஓர் உச்சவரம்பைத் தேடுகிறார்கள். 2020 ஜூலையில் வெளியான மத்திய அரசாணை, மேற்சொன்ன வாய்பாட்டையே உறுதிசெய்துவிட்டு, 43,600 ரூபாய்க்கு மேற்பட்ட அடிப்படைச் சம்பளம் பெறுபவருக்கு இரவுப்படி இல்லை என்றது. 2017 ஜூலை முதலே அது செல்லும் என்றும் முன்தேதியிட்டது. ரயில் நிலைய அதிபர்களிடமிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்ததில் வியப்பில்லை. பணி மூப்பால் சம்பளம் ஏறுகிறது. அதே மூப்பால் இரவைத் தாங்கும் வலிமை இறங்குகிறது. இளைஞனுக்குப் படி தந்து, ஐம்பது வயதானவருக்கு மறுப்பது எந்தக் கணக்கு?

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரையன்றிப் பெண்களைத் தொழிற்சாலையில் அமர்த்தலாகாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வசந்தா வழக்கில் அது சமத்துவத்துக்கு முரணானது என்று தள்ளி, பாதுகாப்பு நிபந்தனைகளுடன் இரவு வேலைக்கு வழிதிறந்தது. பாதுகாப்பு என்ற பெயரால் நூறாண்டு நிலவிய தடை, பெண்ணின் உறக்கத்தைக் காத்தது மெய். படியோடு கூடிய வேலையைப் பெறவிடாமல் தடுத்ததும் மெய்.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தைப் புதிய தொகுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. நல்லவேளையாக, நள்ளிரவுக்குப் பிந்திய மணிகள் முந்திய நாளைச் சேரும் என்ற விதி அதிலும் அப்படியே இருக்கிறது. இரட்டைக் கூலியும் இருக்கிறது. இரவுப்படி இப்போதும் அதில் இல்லை. எனவே ஒரு பீங்கான் ஆலை தன் சம்பள விதிகளை எழுதப் புகுந்தால், சட்டம் சொல்லாத பலவற்றைத் தானே சொல்லியாக வேண்டும். இரவு எப்போது தொடங்குகிறது? ஷிப்டில் பாதிதான் இரவில் விழுந்தால் பாதிப் படியா, முழுப் படியா? முறை மாற்றிக் கொள்ளும் தோழருக்காக வந்தவருக்குப் படி யார் பெயரில்? இரவுப்படி பெறுபவர் மிகைநேரமும் செய்தால், அந்த இரட்டிப்பு படியைச் சேர்த்தா, விட்டா? பழைய சட்டம் சாதாரண ஊதிய விகிதத்தில் போனசையும் மிகைநேரக் கூலியையும் தவிர, தொழிலாளிக்கு உரிய படிகளையும் சேர்த்தது. அதன் சொற்படி நோக்கினால் இரவுப்படியும் சேரும் என்றே கொள்ளத் தோன்றுகிறது. இவற்றை முன்னரே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டாத ஆலையில், ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி ஒரு சச்சரவு காத்திருக்கும். கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு என்பதே தெளிவாக இல்லாதபோது, உடனே கொடுப்பது எங்ஙனம்?

நோன்பு மாதத்தில் தாயிரா தட்டி நம்மை ஸஹருக்கு எழுப்பிச் செல்லும் பக்கீர்சாவுக்கு எந்த ஏடும் இல்லை. ஆயினும் பெருநாளன்று அவர் வாசலில் வந்து நிற்கும்போது, முப்பது வைகறைக்கும் உரிய கடனாகவே தெரு முழுதும் அவருக்குக் கொடுக்கிறது. பேரம் பேசியவரை நான் கண்டதில்லை.

தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளின் நிலை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது. பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் பட்டறை, பொதுவாகப் பழைய சட்டத்துக்கும் வெளியே; புதியதற்கும் வெளியே. கைத்தொழில் மரபில் சூளை வைப்பவருக்கு மணிக்கணக்கு கிடையாது. ஒரு சூளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொள்வர். விறகு ஈரமாக இருந்து நெருப்பு நாலு மணி நேரம் கூடுதலாக இழுத்தாலும் அதே தொகைதான். கூம்பு சாய்ந்ததைப் பார்த்து, துளையை மண்ணால் பூசி அடைத்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது, பள்ளிவாசலில் சுபுஹுத் தொழுகை முடிந்திருக்கும். சூளை ஆறுவதற்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் ஆகும். திறந்து பார்த்து, உடைந்தது போக எண்ணிய பிறகே அவர் கணக்குத் தீர்க்கப்படும்.